அத்தாவின் கழுத்துக் கட்டியும் கரட்டடித் தண்ணீரும்

கம்பத்துக்காரர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். ரோட்டைச் சொல்லலாம், பஸ் ஸ்டாண்டைச் சொல்லலாம், எங்கள் வாயைக்கூடச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே கேட்போம். தண்ணீரை மட்டும் சொல்லக் கூடாது. பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் பிரியாணி எப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள். "தண்ணி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். "வாயில வைக்க முடியல" என்று பதில் சொன்னால்தான் போய்விட்டு வந்தவருக்கும் திருப்தி, கேட்டவருக்கும் திருப்தி.

இந்தத் தண்ணீர்த் திமிர் ஊரில் எல்லோருக்கும் உண்டு என்றாலும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதற்காக ஒரு மாப்பிள்ளையையே வேண்டாம் என்று சொன்னவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. ஊருக்குக் கிழக்கே கரடு என்கிற மொட்டைப் பாறைக் குன்றை ஒட்டி, முனிசிபாலிட்டி குழாய் எட்டாத மேட்டில் சில வீடுகள் உண்டு. கரட்டடி என்போம். அங்கிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடை. நல்ல குடும்பம், அப்பா இல்லாத பையன், அம்மாவுக்கு அடங்கினவன். (அம்மாவுக்கு அடங்கினவனை வேறு யாரும் அடக்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.) வீடு பார்க்கப் போகிற பெண்கள் எங்கள் ஊரில் அடுப்படியைப் பார்ப்பார்கள், கொல்லைப்புறத்தைப் பார்ப்பார்கள். என் அம்மா அவற்றோடு தண்ணீரையும் பார்த்தாள். "வழியில தாகமெடுத்தாக் குடிக்க" என்று அவர்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்து, அதில் துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள்.

மத்தியானத்து லுஹர் பாங்கு சொன்னார்கள், சாயங்காலத்து அசர் பாங்கும் சொன்னார்கள். அந்த உப்புத் தண்ணீரில் பருப்பு முழித்துக்கொண்டே கிடந்தது.

"பருப்பு வேகாத வீட்டுல நான் வாக்கப்பட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். முடியாது என்ற சேதியைச் சொல்ல அத்தாதான் (அப்பாவை எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம்) போனார். வேறு யாராவது போயிருந்தால் "பிள்ளை மேல படிக்கணும்ங்குது" என்று நாகரிகமாக எதையாவது சொல்லியிருப்பார்கள். என் அத்தாவுக்குப் பொய் சொல்ல வராது. பஜாரில் கயிறும் சாக்கும் விற்கிறவர். சாக்கில் ஓட்டை இருந்தால் வாங்க வந்தவருக்கு முன்னால் அவரே விரலை விட்டுக் காட்டுவார். பருப்பு வேகவில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். பையனின் அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணே. அப்ப ஒங்க மகளுக்குப் பருப்பையே பாத்து முடிச்சு வைங்க" என்றாராம்.

அத்தா வீட்டுக்கு வந்து இதை ரசித்து ரசித்துச் சொன்னார். "என்னா வாய்ங்குற? நம்ம வீட்டுக்குப் பொருத்தமான சம்பந்தம். தண்ணிதான் கெடுத்துருச்சு."

நான் மதுரையில் லேப் டெக்னீசியன் டிப்ளமா முடித்துவிட்டு வந்து, எங்கள் ஊரில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் பெரிய மருத்துவக் கல்லூரியில் சதைப் பரிசோதனைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊருக்குத் திரும்பி, வீட்டின் கீழ்த்தளத்தை லேப் ஆக்கியிருந்தார். தேனி வரைக்கும் உள்ள ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுக்கிற கட்டிகள் பாட்டிலில் அடைபட்டு எங்களிடம் வரும். டாக்டரம்மா அதிகம் பேச மாட்டார், திட்டவும் மாட்டார். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் திட்டிவிடலாம்.

அறுத்தெடுத்த சதையை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு பெரிய சமையலே நடக்க வேண்டும். முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும், அழுகாமல் இறுகுவதற்கு. பிறகு ஸ்பிரிட்டில், அதில் உள்ள ஈரமெல்லாம் போவதற்கு. பிறகு சைலீன் என்ற திரவத்தில், அந்த ஸ்பிரிட்டும் போவதற்கு. கடைசியாக உருக்கிய மெழுகில். ஈரம் இருந்த இடமெல்லாம் மெழுகு புகுந்து, ஆறினதும் சதைத்துண்டு உள்ளே பதிந்த ஒரு சின்ன மெழுகுக் கட்டி கிடைக்கும். அதை மைக்ரோடோம் என்கிற இயந்திரத்தில் மாட்டிச் சீவ வேண்டும். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் பத்துக்கும் மேலாக வகுந்தால் என்ன கனம் வருமோ அந்தக் கனத்துக்குச் சீவல் நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். முட்டை வெள்ளைக்கரு தடவிய கண்ணாடித் துண்டில் அதை ஏந்தி எடுக்க வேண்டும். (மஞ்சள் கரு டாக்டரம்மா வீட்டுப் பூனைக்கு. சதைப் பரிசோதனையால் கம்பத்தில் கொழுத்த ஒரே ஜீவன் அதுதான்.) இந்த வேலையின்போது தும்மக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தடவை தும்மி, சின்னமனூர்க்காரர் ஒருவரின் குடல்வாலை ஜன்னல் திரையில் தேடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சாயம். சீவலுக்கென்று சொந்த நிறம் கிடையாது. முதலில் மெழுகைக் கரைத்துவிட்டு ஹிமடாக்சிலின் என்ற சாயத்தில் முக்குவோம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற உட்கருவை அது பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்போது சிவப்புக் கலந்த ஊதாவாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் நீலமாகும். மேலே இயோசின் என்கிற ரோஸ் சாயம் கொடுத்தால் மிச்சமெல்லாம் ரோஸ் ஆகும். ரோஸ் தரையில் நீல நீலமாக உட்கருக்கள். அவற்றின் உருவத்தையும் ஒழுங்கையும் பார்த்துத்தான் டாக்டர் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று சொல்வார். நீலம் வரவில்லை என்றால் எல்லாம் ஒரே சிவப்பாகக் கிடக்கும், ஒன்றும் சொல்ல முடியாது. புத்தகத்தில் "குழாய்த் தண்ணீரில் கழுவவும்" என்று போட்டிருந்தது. எந்த ஊர்க் குழாய் என்று போடவில்லை.

டாக்டரம்மா வீட்டில் கழுவுவதற்குப் பாறையைத் துளைத்துப் போட்ட ஒரு போர்த் தண்ணீர். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. குழாய் வாயில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்திருக்கும். சேர்ந்த முதல் வாரமே நான் மூக்கைச் சுளித்தேன். "டாக்டர், ஊருக்கே தேன் மாதிரி ஆத்துத் தண்ணி வருது. நாம போயி இந்தத் தண்ணியில கழுவுறோமே?"

"இருக்கட்டும்மா" என்றார் அவர்.

சிக்கனக்காரி போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் அத்தாவின் கழுத்தில் கட்டி வந்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, சட்டை தொளதொளவென்று ஆனது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் பெரியத்தாவின் ஞாபகம்தான். அத்தாவின் அண்ணன். அவருக்கும் கழுத்தில்தான் வந்தது. ஒரு நோன்புக்குக் கட்டி தெரிந்தது, அடுத்த நோன்புக்கு அவர் இல்லை. அம்மா தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே நேரமானது. அத்தா மட்டும் கட்டியைத் தடவிக்கொண்டே, "கழுத்துல சாக்கு மூட்டை ஏத்துனதுல நரம்பு புடிச்சுக்கிருச்சு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேனியில் ஒரு சர்ஜன் கட்டியை எடுத்தார். எங்கள் லேபில்தான் பரிசோதிக்க வேண்டும் என்று அத்தா ஒற்றைக்காலில் நின்று, கழுத்தில் கட்டோடு, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். "கண்டக்டர்கிட்ட இதுக்கு அரை டிக்கெட் எடுக்கணுமான்னு கேட்டேன். பதில் சொல்லாம வேற சீட்டுக்குப் போயிட்டான்" என்றார். டாக்டரம்மாவிடம் பாட்டிலை நீட்டி, "எம் மகளே செய்யட்டும்மா. எனக்கு வேற ஆளு தொட வேணாம்" என்றார்.

பாட்டிலில் அத்தாவின் பேரை நானே எழுதி ஒட்டினேன். டாக்டரம்மா கட்டியை அறுத்துப் பார்த்து, தேவையான துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். மறுநாள் மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் போக வேண்டியிருந்தது. "வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல வந்துருவேன். ஸ்லைடு ரெடியா இருக்கட்டும், மொதல்ல அப்பாவோடதைத்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன அன்றைக்கு ராத்திரியே போர் மோட்டார் எரிந்துபோனது. வாட்ச்மேன் கவலையோடு வந்து சொன்னார். நான் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மாடிக்குப் போகிற ஆற்றுத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு டியூப் இழுத்து லேபுக்குக் கொண்டுவந்தேன். என் அத்தாவின் சதையை அந்த உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை, நம்ம ஊர் நல்ல தண்ணீரில் கழுவலாம் என்று மனதுக்குள் பெருமைவேறு.

வியாழக்கிழமை காலையில் அத்தாவைச் சீவினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மெழுகுக்குள் பட்டாணி அளவுக்கு வெளுப்பாக இருந்தது அவர்தானே. பிஸ்மி சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினேன். நாடா அழகாக வந்தது. தண்ணீரில் விரிந்தது, கண்ணாடியில் ஏறியது, காய்ந்தது. ஹிமடாக்சிலினில் முக்கி எடுத்து, ஆற்றுத் தண்ணீரில் கழுவினேன்.

சிவப்பாகவே இருந்தது.

இன்னும் கழுவினேன். சிவப்பு. டியூபைத் திறந்து அப்படியே ஓடவிட்டேன், அரை தொட்டித் தண்ணீர் போனது. சிவப்பு. ரோஸ் சாயத்தையும் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், சாந்து கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. உட்கரு எது, மற்றது எது என்று தெரியவில்லை. சாயம் கெட்டுவிட்டது என்று புதுப் பாட்டிலை உடைத்தேன். வேறு சீவல் எடுத்தேன். அதுவும் சிவப்பு. இன்னொன்று, அதுவும். மெழுகுக்குள் இருந்த வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. என் திறமையைக் காட்டியே அத்தாவைத் தீர்த்துவிடுவேன் என்று பயம் வந்துவிட்டது.

போன வாரத்து ஸ்லைடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது பளிச்சென்று நீலமாக இருந்தது. அதே சாயம், அதே கை, அதே நான். மாறியது தண்ணீர் ஒன்றுதான். மதுரையில் படித்தபோது கல்லூரியில் வந்ததும் உப்புத் தண்ணீர் என்பது அப்போதுதான் உறைத்தது. நல்ல தண்ணீரில் நீலம் வராது. உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது? ஆற்றங்கரை ஊர். டாக்டரம்மா மாதிரி பாறை வரைக்கும் யாரும் துளைத்ததில்லை. கிணறு தோண்டினாலும் இனிக்கும், அடிபம்பை அடித்தாலும் இனிக்கும். தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்று உட்கார்ந்து அழுத பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அழுதுகொண்டிருக்கும்போது அத்தா வந்துவிட்டார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். மெல்ல வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"பாத்துட்டியா தாயி?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்லைடை உருவி எடுத்தேன்.

"சரி விடு. அண்ணனுக்கு வந்தது எனக்கு வராமயா போயிரும். ஒங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்." என் தலையைத் தடவினார். "அழுகாத. நீ என்ன பண்ணுவ."

"அத்தா, சாயம் ஏறல அத்தா."

"என்னது?"

"நீலம் வரல. எல்லாம் செவப்பாவே இருக்கு. கட்டி என்னன்னு இன்னும் தெரியாது. தண்ணி சரியில்ல."

"எந்தத் தண்ணி?"

"நம்ம தண்ணி."

கட்டிக்குக்கூடக் கலங்காத மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம தண்ணிய என்னான்னு சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு வேகாத தண்ணீர் வேண்டும் என்றால் எங்கே போக வேண்டும் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

"அங்கனதான் போகணும்" என்றார் அத்தா. "கொடத்த எடு."

டாக்டரம்மா வீட்டுப் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தாவின் மொபெட்டில் பின்னால் ஏறினேன். "எனக்குக் கழுத்து திரும்பாது. பின்னாடி லாரி வந்தா நீ சொல்லு" என்றார். நான் எங்கே லாரியைப் பார்த்தேன். அந்த வீட்டு வாசலில் போய் என்ன சொல்லி நிற்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். பஜார் வழியாகத்தான் போக வேண்டும். ஆத்துத் தண்ணி ஓடுகிற ஊரில் அப்பனும் மகளும் காலிக் குடத்தோடு கரட்டைப் பார்த்துப் போவதைக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கரட்டடி வீட்டில் அந்தப் பையனின் அம்மா, கரட்டடி மாமி, வாசல் நிழலில் உட்கார்ந்து சுளகில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். சுளகு நிற்கவில்லை.

"வாங்கண்ணே. என்ன, பருப்பு வெந்துருச்சா?"

நான் குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அத்தா சலாம் சொல்லிவிட்டு, "ஒரு கொடம் தண்ணி வேணும்மா" என்றார்.

"ஆத்துத் தண்ணி இங்கன வராதுங்களே."

"ஒங்க தண்ணிதான் வேணும்."

சுளகு நின்றது. "குடிக்கவா?"

"இல்ல. கழுவ."

"எதைக் கழுவ?"

அத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னையத்தான்" என்றார்.

மாமி என்னைப் பார்த்தார். நான் அழுத கண்ணோடு, படித்த படிப்பையெல்லாம் திரட்டி, உட்கரு, சாயம், சிவப்பு, நீலம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "அப்ப நல்ல தண்ணியில ஒங்க சோலி வேகலைங்குறீக" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "நீ ஒண்ணும் பயந்துறாத பிள்ளை. பொண்ணு கேக்க மாட்டேன். அவனுக்குப் பொண்ணு பேசி முடிஞ்சிருச்சு. ஆண்டிபட்டிப் பக்கம். அந்தப் பிள்ளை இங்கன வந்தப்ப நம்ம தண்ணியக் குடிச்சிட்டு, 'எளநி மாதிரி இருக்கு மாமி'ன்னு சொல்லுச்சு."

நான் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளைதான். ஆனாலும் இளநீர் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

அப்போதுதான் அவர் அத்தாவின் கழுத்துக் கட்டைச் சரியாகக் கவனித்தார். "கழுத்துல என்னங்கண்ணே?"

"கட்டிம்மா. தேனியில எடுத்துட்டாக. நல்லதா கெட்டதான்னு பாக்கத்தான் இவ இம்புட்டுப் பாடுபடுறா. எங்க அண்ணனும் இதுலதான் மவுத்தானாக."

மாமி சுளகைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு வாயாடிக்கிட்டு இருக்கேன்" என்று எழுந்தார். என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று தடவை அலசி, குழாயடியில் வைத்து பிஸ்மி சொன்னார். குடம் நிறைகிற வரைக்கும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நிறைந்ததும் தன் முந்தானையால் குடத்தின் வாயைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நல்ல சேதி வந்தாச் சொல்லிவிடுங்க. கெட்ட சேதி வந்தாலும் சொல்லிவிடுங்க. நான் வந்து ஒங்க வீட்டம்மாகூட இருக்கேன்."

திரும்பி வரும்போது பாதித் தண்ணீர் என் மடியில்தான் இருந்தது. அத்தா முன்னால் பார்த்தபடியே, "நல்ல பொம்பள. நாமதான் பருப்ப நம்பிட்டோம்" என்றார்.

லேபுக்கு வந்து, மெழுகில் மிச்சம் இருந்ததில் மறுபடி சீவல் எடுத்தேன். சாயத்தில் முக்கி எடுத்துக் கரட்டடித் தண்ணீரில் இறக்கினேன். அத்தா பக்கத்திலேயே நின்றார். கண்ணெதிரே அந்தச் சிவப்பு மங்கி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நீலம் ஏறியது. எத்தனையோ ஸ்லைடு செய்தவள்தான். அன்றைக்கு அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தா, "சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கு" என்றார்.

டாக்டரம்மா அசருக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மைக்ராஸ்கோப்புக்குத்தான் போனார். அத்தா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் டாக்டரம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்லைடை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். பிறகு கண்ணை எடுத்து, "மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரே. எந்தத் தண்ணியில கழுவுன?" என்று கேட்டார்.

(உயிர் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது.) கரட்டடி, குடம், மொபெட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"அந்த அலமாரியில அம்மோனியா இருக்கு. ஆத்துத் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டிருந்தா நீலமாயிருக்கும். அதுகூட வேணாம். மாடிக்குப் போயி ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா கேட்டிருந்தாப் போதும்."

அம்மோனியா பாட்டில் என் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது. டிப்ளமாவைச் சுருட்டி அந்தப் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடலாம் போல இருந்தது.

"சரி, இங்க வந்து பாரு" என்றார் டாக்டரம்மா.

குனிந்து பார்த்தேன். ரோஸ் நிறத்துக்கு நடுவில் பெரிய பெரிய செல்கள். ஒவ்வொன்றிலும் நீல உட்கருக்கள் ஓரமாக வளைந்து லாடம் போல நின்றன. படிக்கும்போது பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நம்பப் பயமாக இருந்தது.

"காசநோய்ம்மா. கழுத்து நெறிக்கட்டியில வந்திருக்கு. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும்."

"கேன்சர் இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா. போயி அப்பாகிட்டச் சொல்லு."

வெளியே ஓடினேன். "அத்தா, டிபி அத்தா."

"டிபிதானா? அண்ணனுக்கு வந்தது இல்லையே?"

"இல்லத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ரெண்டு கையையும் ஏந்திவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேறு ஆட்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அம்மா தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் முகம் மலர, "எங்க வீட்டுல அவுகளுக்கு டிபி" என்றாள். மாத்திரை ஆரம்பித்ததும் அத்தாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போக ஆரம்பித்தது. அந்த மருந்துக்கு அப்படித்தான் போகும். "நீ ஊத்துன சாயம் இப்பத்தான் எறங்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

கரட்டடி மாமிக்கும் சேதி சொல்லிவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை, குமுளியிலிருந்து வந்திருந்த அவர் மகன் ஒரு குடம் தண்ணீரோடு லேப் வாசலில் வந்து நின்றார். "உம்மா கொடுத்துவிட்டாக. இன்னும் எத்தன பேரு கட்டியோட வந்திருக்காகளோன்னு சொன்னாக." மோட்டார் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. இனி வேண்டாம், ஆப்பச் சோடாவே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா என் காலை மிதித்தார். "வாங்கி வை" என்றார். வாரா வாரம் குடம் வந்தது. டாக்டரம்மா தானே எடுத்து அந்தத் தண்ணீரைச் சாயத் தொட்டியில் ஊற்றுவார். கல்யாணத்துக்குப் பிறகு ஆண்டிபட்டி மருமகளும் ஒரு தடவை குடத்தோடு வந்தது. எங்கள் வீட்டில் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கே அக்கா" என்றது. நான் டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தேன்.

இதற்கெல்லாம் முன்னால், கழுத்தில் தையல் பிரித்த அன்றைக்கு அத்தா லேபுக்கு வந்து, தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம், "என்னைய நான் ஒருக்காப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அத்தா முதலில் தப்பான கண்ணை மூடினார். பிறகு தன் இமைமுடியைப் பார்த்துவிட்டு, "ரோமம் மொளச்சிருக்கே" என்று பயந்தார். ஒருவழியாகச் சரியாகப் பார்த்தபோது பேச்சு நின்றுவிட்டது. கடையில் ஆள் இல்லாவிட்டால் சாக்கோடு பேசுகிற மனிதர்.

"இது நானா?"

"நீங்கதான் அத்தா."

"இம்புட்டு அழகாவா இருக்கேன் நான்?"

டாக்டரம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஒங்கம்மாவக் கூட்டிட்டு வா. பொழுது விடிஞ்சா பொழுது போனா என்னையக் கொற சொல்றால்ல. வந்து பாக்கட்டும்."

அம்மா வந்தாள். முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். ரோஸும் நீலமுமாக இருந்த அத்தாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணை எடுக்காமலேயே, "இதுல வலிச்சது எது?" என்று கேட்டாள். டாக்டரம்மா ஸ்லைடை மெல்ல நகர்த்தி அந்த இடத்தைக் காட்டினார். அம்மா அதையும் பார்த்தாள்.

அத்தா இன்றைக்கும் இருக்கிறார். கடையை என் தம்பியிடம் கொடுத்துவிட்டார், வாயைக் கொடுக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பொத்தான் போன சட்டையோடு கிளம்புவார், அம்மா சண்டை பிடிப்பாள். "வெளிய கெடக்கு கழுத. உள்ள எப்புடி இருப்பேன்னு நீதான் பாத்திருக்கியே" என்பார். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட அதை மனப்பாடமாகச் சொல்லும். அம்மா, "ஆமா, பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்து, சட்டையைக் கழற்றவிடாமல் அவர் மார்போடு வைத்தே பொத்தானைத் தைப்பாள்.